அபாச்சி மக்களின் வாய்மொழிக் கதைகளை எழுத்தில் காப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவின் தென்மேற்கில் வாழும் அபாச்சி மக்களின் கதைகளைப் பற்றிப் பேச்செடுத்தால், நாட்டார் கதைகளில் ஆர்வமுள்ளவர்கள் முதலில் கேட்பது, அவற்றையெல்லாம் யாராவது எழுதிவைத்துவிட்டார்களா என்பதுதான். எழுதியிருக்கிறார்கள், நூறாண்டுகளுக்கு மேலாக எழுதிவருகிறார்கள். ஆனால் எழுதப்பட்டதனாலேயே அவை காப்பாற்றப்பட்டுவிட்டனவா என்று கேட்டால், விடை அவ்வளவு எளிதாக வருவதில்லை. அந்த விடையைச் சுற்றி எழும் கேள்விகளுக்கு இங்கே இயன்றவரை விளக்கமாகப் பதில் எழுதியிருக்கிறேன்.

அபாச்சி என்பது ஒரே இனமா?

பெயர் ஒன்று, மக்கள் பலர். அரிசோனாவில் ஃபோர்ட் அபாச்சி, சான் கார்லோஸ் முதலிய ஒதுக்கீட்டு நிலங்களில் வாழும் மேற்கு அபாச்சியர், நியூ மெக்சிகோவின் மெஸ்கலேரோ, ஹிக்கரியா பிரிவினர், லிப்பான்கள், ஓக்லஹோமாவின் சமவெளி அபாச்சியர் ஆகியோரோடு, 1886-இல் போர்த்தலைவர் ஜெரோனிமோ சரணடைந்தபின் 27 ஆண்டுகள் போர்க்கைதிகளாகப் புளோரிடா, அலபாமா, ஓக்லஹோமா என்று அலைக்கழிக்கப்பட்ட சிரிகாவாக்களும் இந்தப் பெயருக்குள் அடங்குவர். இவர்கள் பேசும் மொழிகள் நவஹோ மொழிக்கு நெருங்கிய உறவுள்ளவை. அத்தபாஸ்கன் என்னும் அந்த மொழிக்குடும்பத்தின் மற்றக் கிளைகள் அலாஸ்காவிலும் வடமேற்குக் கனடாவிலும் பரவியிருக்கின்றன. 'அபாச்சி' என்பது பிறர் இட்ட பெயர். 'மக்கள்' என்று பொருள்படும் 'இந்தே' போன்ற சொற்களால்தான், வட்டாரத்துக்கு வட்டாரம் ஒலி சற்று மாற, அவர்கள் தம்மைக் குறித்துக்கொள்கிறார்கள்.

இதை முதலிலேயே சொல்லக் காரணம், 'ஓர் அபாச்சிக் கதை' என்ற பொதுத் தலைப்போடு வரும் எந்தப் பதிவும் தொடக்கத்திலேயே ஒரு தகவலை இழந்துவிடுகிறது என்பதுதான். எந்தப் பிரிவு, எந்த ஊர், யார் சொன்னது என்பவை அடிக்குறிப்புக்கு ஒதுக்க வேண்டிய விவரங்கள் அல்ல.

இந்தக் கதைகளில் என்னென்ன வகைகள் உண்டு?

மேற்கு அபாச்சியரைப் பற்றி நமக்குத் தெளிவான சித்திரம் கிடைத்திருக்கிறது. சிபெக்யூ என்ற ஊரில் 1959 முதல் பல ஆண்டுகள் அந்த மக்களோடு பழகிய மொழியியல் மானிடவியலாளர் கீத் பாஸோ, அவர்களே பிரித்துக் காட்டும் நான்கு வகைகளைப் பதிவுசெய்தார். உலகம் உருவான தொடக்க காலத்தைப் பற்றிய தொன்மங்கள் முதல் வகை. முன்னோர் காலத்தில் குறிப்பிட்ட ஓர் இடத்தில் நடந்ததாகச் சொல்லப்படும் நிகழ்ச்சிக் கதைகள் இரண்டாவது. அண்மைக் காலத்து மனிதர்களைப் பற்றிப் பொழுதுபோக்காகச் சொல்லும் நீண்ட கதைகள் மூன்றாவது. ஊர்வம்பு நான்காவது. தொன்மம் அறிவூட்டுவதற்கு, நிகழ்ச்சிக் கதை கண்டிப்பதற்கும் எச்சரிப்பதற்கும். வகையைப் பொறுத்துச் சொல்பவரும் சூழலும் மாறும்.

இவற்றோடு எல்லாப் பிரிவினரிடமும் புகழ்பெற்றவை கயோட்டிக் கதைகள். கயோட்டி வட அமெரிக்காவின் ஓநாய் இனத்து விலங்கு. கதைகளில் அது வஞ்சகன், பேராசைக்காரன், ஏமாளி, அதே வேளையில் மக்களுக்காக நெருப்பைத் திருடிக்கொண்டு வந்தவன். நம் கதைகளின் நரியை நினைத்துக்கொண்டால் பாதி சரி. உலகம் ஏன் இப்படி இருக்கிறது என்பதற்கே அது ஒரு காரணம் என்பதால், மீதிப் பாதிக்கு நம் நரி எட்டாது. இந்தக் கதைகள் பழங்காலத்தோடு உறைந்துபோகவும் இல்லை. பணம் மரத்தில் காய்ப்பதாக நம்பவைத்துக் கயோட்டி வெள்ளையரை ஏமாற்றும் சிரிகாவாக் கதை, அவர்கள் நிலத்துக்கு வெள்ளையர் வந்துசேர்ந்த பிறகு பிறந்திருக்க முடியுமே தவிர, அதற்கு முன்பு அல்ல.

கதைகளைக் குளிர்காலத்தில் மட்டுமே சொல்ல வேண்டுமா?

தொன்மங்களையும் கயோட்டிக் கதைகளையும் பொறுத்தவரை, அதுதான் பழைய வழக்கம். பாம்பும் கரடியும் ஒடுங்கிக் கிடக்கும், இடி முழங்காத குளிர்கால மாதங்களில், பொழுது சாய்ந்த பின்பு விடியும்வரை அவற்றைச் சொல்லலாம். பருவம் தவறிச் சொன்னால் பாம்பு, இடி போன்றவற்றால் தீங்கு நேரும் என்ற நம்பிக்கை பல பிரிவினரிடமும் இருக்கிறது.

ஒரு கதையை அச்சிட்ட அன்றே இந்தக் கட்டுப்பாடு உடைந்துவிடுகிறது, ஏனென்றால் புத்தகத்துக்குப் பருவம் தெரியாது. சித்திரை வெயிலிலும் அது திறந்துகொள்ளும். இதைச் சிறு விஷயமாக நான் கருதவில்லை. நீண்ட குளிர்கால இரவுகளில் மட்டும் கிடைப்பது என்பதனால்தான் கதைக்குக் காத்திருப்பு இருந்தது, குடும்பம் கூடியது, கேட்பவருக்கு அது ஆண்டுக்கு ஒருமுறை திரும்பி வரும் அனுபவமாக இருந்தது. தொகுப்பின் முன்பக்கத்திலோ இணையத்தில் கதை தொடங்கும் இடத்திலோ, 'இது குளிர்காலத்துக்குரிய கதை' என்று ஒரு வரி சேர்ப்பது மிக எளிது. வாசகர் அதைக் கடைப்பிடிப்பாரா என்பது அவர் பொறுப்பு. சொல்லாமல் விடுவது பதிப்பிப்பவரின் குற்றம்.

முதன்முதலில் எழுதியவர்கள் யார்?

அமெரிக்க இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தைச் சேர்ந்த பிளைனி எர்ல் காடர்ட் 1911-இல் ஹிக்கரியாக் கதைகளையும், 1918 முதல் 1920 வரை மேற்கு அபாச்சியரின் சான் கார்லோஸ், ஒயிட் மவுண்டன் பகுதிக் கதைகளையும் வெளியிட்டார். அடுத்த பெரிய அலை 1930-களில் எழுந்தது. மொழியியலாளர் ஹாரி ஹொய்ஜர் சிரிகாவா, மெஸ்கலேரோ கதைகளை அவர்கள் மொழியிலேயே எழுதி ஆங்கிலப் பெயர்ப்போடு 1938-இல் பதிப்பித்தார். அதற்கு இனவரைவியல் குறிப்புகள் எழுதிய மோரிஸ் ஆப்லர், ஹிக்கரியா, லிப்பான், சிரிகாவாக் கதைகளைத் தனித்தனித் தொகுப்புகளாக ஆங்கிலத்தில் கொண்டுவந்தார். ஒயிட் மவுண்டன் அபாச்சியரிடையே வாழ்ந்த கிரென்வில் குட்வின் 1939-இல் தம் தொகுப்பை வெளியிட்டு, மறு ஆண்டே இளம் வயதில் இறந்துபோனார்.

இவர்களின் உழைப்பைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை. அந்த ஆண்டுகளில் கதை சொன்ன முதியவர்கள் ஒதுக்கீட்டு நிலங்களுக்கு முந்தைய வாழ்க்கையைக் கண்டவர்கள் அல்லது கண்டவர்களின் பிள்ளைகள். மறுபுறம், கார்லைல் போன்ற உறைவிடப் பள்ளிகளுக்கு அனுப்பப்பட்ட பிள்ளைகள் தாய்மொழியில் பேசத் தடை இருந்த காலத்திலேயே இத்தொகுப்புகள் எழுந்தன என்பதையும் மறக்கக் கூடாது. ஒரு கையால் அரசு மொழியைப் பறித்துக்கொண்டிருந்தபோது, மறுபுறத்தில் அறிஞர்கள் அதை ஏட்டில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.

சொன்னவர் சொன்னபடியே எழுத்தில் வந்ததா?

ஜெரோனிமோவின் தன்வரலாறு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. ஓக்லஹோமாவின் ஃபோர்ட் சில் கோட்டையில் அவர் கைதியாக இருந்தபோது, அருகிலுள்ள லாட்டன் ஊரின் கல்விக் கண்காணிப்பாளர் எஸ். எம். பாரெட் அவர் கதையைப் பதிவுசெய்ய விரும்பினார். இராணுவ அதிகாரிகள் மறுக்கவே, குடியரசுத் தலைவர் தியோடர் ரூஸ்வெல்ட்டுக்கே எழுதி அனுமதி பெற்றார். ஜெரோனிமோ அபாச்சி மொழியில் சொன்னார். ஆசா டாக்லூகி மொழிபெயர்த்தார். பாரெட் ஆங்கிலத்தில் எழுதினார். 1906-இல் நூல் வந்தது. ஆக, மூன்று பேரைக் கடந்துதான் ஒரு சொல் தாளுக்கு வந்தது.

ஆனால் கதை சொல்லியின் உறுதியையும் அங்கே காண்கிறோம். சுருக்கெழுத்தாளர் இருந்தால் ஜெரோனிமோ பேச மறுத்தார். இடையில் கேள்வி கேட்பதற்கோ திருத்துவதற்கோ இடம் தரவில்லை. அன்றன்று என்ன சொல்வது என்று மனத்தில் முடிவுசெய்து வந்து, அதைச் சொல்லி முடித்ததும் எழுந்துகொண்டார். தன் வாழ்க்கையைத் தன் பிறப்பிலிருந்து தொடங்காமல் உலகத்தின் பிறப்பிலிருந்து தொடங்கினார். தன்வரலாறு என்ற இலக்கிய வகை கேட்ட ஒழுங்குக்கு அவர் பணியவில்லை. வாய்மொழி மரபின் ஒழுங்குதான் நூலின் ஒழுங்காயிற்று. எழுதுபவர் அடங்கியிருக்க வேண்டிய இடம் எது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் நிகழ்ச்சி எனக்குத் தெரிந்து வேறில்லை.

எழுதும்போது கதையிலிருந்து எது உதிர்ந்துபோகிறது?

குரலும் கையசைவும் போய்விடும் என்று பொதுவாகச் சொல்வார்கள். அது உண்மைதான். ஆனால் சொற்களுக்குள்ளேயே சில உதிர்கின்றன. அவற்றைக் கவனத்தோடு எழுதினால் காப்பாற்றிவிடலாம்.

சிரிகாவாக் கயோட்டிக் கதைகளில் வாக்கியத்துக்கு வாக்கியம் 'நாஅ' என்ற ஓர் ஒட்டு வருகிறது. 'அப்படிச் சொல்கிறார்கள்' என்பது அதன் பொருள். நான் கண்ணால் கண்டதைச் சொல்லவில்லை, எனக்கு முன் சொன்னவர்கள் சொன்னதைச் சொல்கிறேன் என்ற பொறுப்பறிவிப்பு அது. ஆங்கிலத்தில் ஒவ்வொரு வாக்கியத்திலும் அதைப் பெயர்த்தால் படிக்க முடியாது என்பதால் மொழிபெயர்ப்புகளில் அது பெரும்பாலும் மறைந்துவிடும். தமிழருக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை. 'ஒரு ஊர்ல ஒரு ராஜா இருந்தானாம், அவனுக்கு ஏழு பொண்ணாம்' என்று பாட்டி சொல்லும்போது வரும் 'ஆம்' செய்வது ஏறத்தாழ இதே வேலைதான். அந்த 'ஆம்' எல்லாவற்றையும் எடுத்துவிட்டு அதே கதையை எழுதிப் பாருங்கள், கதை செய்தியறிக்கையாகிவிடும். சாம் கெனோய் போன்ற சிரிகாவாக் கதைசொல்லிகளின் பதிவுகளைப் பின்னாளில் ஆராய்ந்தவர்கள், இந்த ஒட்டும் 'அதன் பிறகு' என்ற தொடக்கச் சொல்லும் சேர்ந்தே கதையைக் கவிதைபோல அடியடியாகப் பிரிக்கின்றன என்று காட்டினார்கள். உரைநடைப் பத்தியாக அச்சிட்டபோது மறைந்துபோன அமைப்பு அது.

முடிவு வாய்பாடு இன்னொன்று. மேற்கு அபாச்சியர் கதையை முடிக்கும்போது, 'என் யூக்காப் பழங்கள் குவிந்து கிடக்கின்றன' என்ற பொருளுடைய தொடரைச் சொல்வார்கள். யூக்கா அந்த வறண்ட நிலத்துச் செடி. அதன் பருத்த காய்களைப் பறித்துத் தணலில் வாட்டி, பிசைந்து உலர்த்திப் பின்னாளைய உணவுக்கு வைத்துக்கொள்வார்கள். கதை முடிந்ததென்று அறிவிக்கும் அந்த ஒரு வரியில் ஓர் அறுவடையே இருக்கிறது. கதைக்குத் தொடர்பில்லாததாகத் தோன்றுகிறது என்று அதை வெட்டிவிட்ட மறுசொல்லல்கள் சிறுவர் நூல்களில் ஏராளம். வெட்டியவர்களுக்குத் தீய எண்ணம் இருந்திருக்காது. ஆனாலும் வாசலைப் பெயர்த்துவிட்டு வீட்டைக் காத்துவிட்டோம் என்று சொல்வது போன்றது அது.

கதைக்கு இடம் ஏன் அவ்வளவு முக்கியம்?

மேற்கு அபாச்சியரின் நிகழ்ச்சிக் கதைகள், 'இது இன்ன இடத்தில் நடந்தது' என்று தொடங்கி, அதே வரியோடு முடிகின்றன. இடப்பெயர்களே சிறு வாக்கியங்கள்: 'வெண்பாறைகள் மேலே நெருங்கித் திரண்டு கிடக்கின்றன' என்பது ஒரு பெயர். பெயரைக் கேட்டவுடன் எங்கே நின்று பார்த்து அந்தப் பெயரை இட்டார்கள் என்பதும் மனக்கண்ணில் வந்துவிடும். கதை சில நிமிடங்களில் முடிந்துவிடும். யாரிடமும் நேராக 'நீ செய்தது தவறு' என்று சொல்லாது. ஆனால் தவறு செய்தவர் இருக்கும் கூட்டத்தில் சொல்லப்படும். அப்படிச் சொல்வதை அம்பெய்வது என்றே அவர்கள் குறிப்பிடுகிறார்கள்.

பாஸோ நேரில் கண்டு எழுதிய நிகழ்ச்சி ஒன்று: 1977-இல் ஒரு பூப்புச் சடங்குக்கு, உறைவிடப் பள்ளியிலிருந்து வந்த இளம்பெண் ஒருத்தி தலைமுடியில் இளஞ்சிவப்பு நெளிசுருள்களை மாட்டிக்கொண்டு வந்தாள். மற்றப் பெண்கள் எல்லோரும் கூந்தலை விரித்துவிட்டிருந்தார்கள். அந்தச் சடங்குக்கு அதுவே மரியாதை. அப்போது யாரும் அவளிடம் ஒன்றும் சொல்லவில்லை. சில நாள் கழித்துப் பாட்டி வீட்டில் எல்லோரும் கூடியிருந்தபோது, வெள்ளையரைப் போல நடந்துகொண்டு தன் மக்களையே மறந்த ஓர் அபாச்சிக் காவலரின் கதையைப் பாட்டி சொன்னார். கதை முடிந்ததும் அந்தப் பெண் பேசாமல் எழுந்து போய்விட்டாள். ஏன் போகிறாள் என்று பாஸோ கேட்டதற்கு, அவளை அம்பால் எய்தேன் என்று பாட்டி விடை சொன்னார். இரண்டு ஆண்டுகளுக்குப் பின், அந்தக் கதை நடந்த இடத்தின் வழியே அவளோடு காரில் சென்றபோது பாஸோ இடத்தைச் சுட்டிக்காட்டினார். அவளுக்கு அது தெரிந்திருந்தது. அந்த இடம் ஒவ்வொரு நாளும் தன்னைப் பின்தொடர்வதாகச் சொன்னாள்.

இந்தக் கதையின் சொற்களை மட்டும் எழுதினால் கையில் மிஞ்சுவது, ஒரு காவலரைப் பற்றிய, அவ்வளவாகச் சுவையற்ற துணுக்கு. பாட்டி, பேத்தி, சடங்கு, அந்த இடம், அதைத் தினமும் கடந்துபோகும் சாலை ஆகிய எல்லாமே அந்தக் கதை.

இதை மக்களே உணர்ந்திருந்தார்கள். ஒயிட் மவுண்டன் அபாச்சியரின் தன்னாட்சி அரசின் தலைவராக இருந்த ரானி லூப், வெள்ளையரின் வரைபடங்கள் நிறைய இருக்கின்றன, அபாச்சி இடங்களும் பெயர்களும் கொண்ட அபாச்சி வரைபடங்களைச் செய்து தாருங்கள் என்று பாஸோவிடம் கேட்டுக்கொண்டார். சிபெக்யூவைச் சுற்றி ஏறத்தாழ 300 இடப்பெயர்கள் அப்படித்தான் பதிவாயின. கதைகளைக் காக்க வரைபடம் எழுதுவது வாய்மொழி மரபுக்குப் பொருந்திய எழுத்துப் பணி என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

இடமே அழிந்தால் வரைபடம் என்ன செய்யும் என்ற கேள்வியும் இருக்கிறது. அரிசோனாவில் சீச்சில் பில்தகோதீல் என்று அபாச்சியர் அழைக்கும் ஓக் ஃபிளாட், சடங்குகளுக்குரிய புனிதத் தலம். அதன் அடியிலுள்ள செப்புக்காக அந்த நிலத்தைச் சுரங்க நிறுவனத்துக்கு மாற்றித்தர 2014-இல் சட்டம் இயற்றப்பட்டது. அதை எதிர்த்து அபாச்சியர் நடத்திய வழக்கை விசாரிக்க அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2025 மே மாதம் மறுத்துவிட்டது. திட்டமிட்டபடி சுரங்கம் தோண்டப்பட்டால், ஏறத்தாழ 3 கிலோமீட்டர் அகலப் பள்ளம் அங்கே விழும்.

அபாச்சியருக்குச் சொந்த எழுத்து இருந்ததில்லையா?

ஒன்று இருந்தது, அது உலக எழுத்து வரலாற்றில் தனி இடம் பெறத் தக்கது. ஃபோர்ட் அபாச்சி நிலப்பகுதியைச் சேர்ந்த சைலஸ் ஜான் எட்வர்ட்ஸ் என்ற சமயத் தலைவர், 1904-இல் தமக்குக் கனவில் 62 வேண்டுதல்களும் அவற்றை எழுதும் குறிகளும் அருளப்பட்டதாகச் சொன்னார். ஒவ்வொரு குறியும் வேண்டுதலின் ஓர் அடியைக் குறிக்கும். எந்தச் சொல்லைச் சொல்வது என்பதோடு, எந்தச் செயலைச் செய்வது என்பதையும் இந்தக் குறிகள் காட்டும் என்பதுதான் வியப்பு. பாஸோவும் நெட் ஆண்டர்சனும் 1973-இல் இதைப் பற்றி எழுதியபோது, அபாச்சியரே சில குறிகளைச் 'சொல்ல வேண்டியதைச் சொல்பவை' என்றும், சிலவற்றைச் 'செய்ய வேண்டியதைச் சொல்பவை' என்றும் பிரிப்பதைப் பதிவுசெய்தார்கள்.

இந்த எழுத்தை எல்லோருக்கும் கற்பிக்கவில்லை. தகுதியுள்ளவராகத் தேர்ந்த சிலருக்கு மட்டுமே கற்பித்தார்கள். எழுத்து என்றால் எல்லோருக்கும் திறந்திருப்பது என்பது நம் எண்ணம். சொல்லையும் சடங்கையும் ஒன்றாகக் கட்டி, யார் படிக்கலாம் என்ற வரம்பையும் எழுத்துக்குள்ளேயே வைத்துக் காக்க முடியும் என்பதை இவர் செய்து காட்டினார். 'வாய்மொழி மக்கள், எழுத்தறியாதவர்கள்' என்று எளிதாக எழுதிவிடுபவர்கள் இதைக் கட்டாயம் அறிந்துகொள்ள வேண்டும்.

ரோமன் எழுத்தில் எழுதுவதில் என்ன சிக்கல்?

அபாச்சி மொழிகளில் உயிரெழுத்தின் நீளம், குரலின் ஏற்ற இறக்கம், மூக்கொலி, தொண்டையில் காற்றை நிறுத்தும் ஒலி ஆகியவற்றுள் ஒன்று மாறினாலும் பொருள் மாறக்கூடும். ஏற்றத்துக்கு மேலே சாய்கோடு, மூக்கொலிக்குக் கீழே கொக்கி, காற்றுத்தடைக்கு மேற்கோள்குறி, குறுக்குக் கோடிட்ட 'எல்' என்று எழுதுவார்கள். பழைய தொகுப்பாளர் ஒவ்வொருவரும் தத்தம் முறையில் எழுதியதால், ஒரே சொல்லைக் காடர்டிடமும் ஹொய்ஜரிடமும் இன்றைய பாடநூலிலும் மூன்று விதமாகக் காணலாம். ஊருக்கு ஊர் உச்சரிப்பும் வேறு. ஒரே எழுத்துமுறையை எல்லார் மேலும் சுமத்தினால், 'இது எங்கள் பேச்சில்லை' என்று ஓர் ஊரார் விலகிவிடுவார்கள். ஒயிட் மவுண்டன் அபாச்சி அரசு மக்களின் பங்கேற்போடு 1998-இல் வெளிக்கொணர்ந்த இருமொழி அகராதியும், ஹிக்கரியா மூதாட்டிகள் மொழியியலாளர்களோடு உழைத்து 2007-இல் வெளிவந்த அகராதியும் இந்தச் சிக்கலை உள்ளிருந்தே அணுகிய முயற்சிகள்.

எழுதவே கூடாதவை உண்டா?

உண்டு. சடங்குப் பாடல்கள், மலைத் தெய்வங்களோடு தொடர்புடைய அறிவு, மருத்துவர் ஒருவர் பெற்றிருக்கும் ஆற்றலின் கதை போன்றவற்றை முறையாகப் பெறாதவர் சொல்வதே தவறு. அச்சிடுவது அதைவிடப் பெரிய தவறு. பழைய தொகுப்புகளில் இவற்றுள் சில வெளிவந்துவிட்டன. வெளிவந்துவிட்டதே என்பது மீண்டும் வெளியிட உரிமை தராது. கதை சொன்ன முதியவர் ஒருவர் 'இதற்கு மேல் வேண்டாம்' என்று நிறுத்தியிருந்தால், அந்த நிறுத்தமும் மரபின் பகுதியே. பதிவில் அதை அப்படியே குறிப்பிடுவதுதான் நேர்மை.

எழுதப்பட்ட கதை யாருக்குச் சொந்தம்?

அமெரிக்கப் பதிப்புரிமைச் சட்டம் எழுதப்பட்ட அல்லது பதிவான வடிவத்தைத்தான் காக்கும். தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்பட்ட கதைக்கு அங்கே உரிமையாளர் இல்லை. எழுதிய அறிஞருக்கோ பதிப்பகத்துக்கோ உரிமை போனது. காடர்டின் தொகுப்புகள் இன்று காப்புரிமை நீங்கியவை. சட்டப்படி யாரும் மறுபதிப்புச் செய்யலாம். அந்தச் சட்டத்தை இயற்றியபோது கதை சொன்னவர்களைக் கேட்டவர் யாருமில்லை.

1995-இல் அபாச்சி அரசுகள் பலவும் ஒன்றுகூடி, அபாச்சிப் பண்பாட்டைச் சார்ந்த உருவங்கள், எழுத்துகள், சடங்குகள், பாடல்கள், கதைகள், குறியீடுகள் அனைத்தின் மீதும் முடிவெடுக்கும் உரிமை தங்களுக்கே வேண்டும் என்று அறிவித்தன. அளவுக்கு மீறிய கோரிக்கை என்று சிலர் விமரிசித்தார்கள். இத்தனை ஆண்டு யாரும் கேட்காமல் எடுத்துக்கொண்டதற்கு எதிரில் வைத்துப் பார்த்தால், எனக்கு அது அளவுக்கு மீறியதாகத் தோன்றவில்லை. ஆவணக் காப்பகங்கள் மெல்ல மாறிவருகின்றன. பழங்குடி ஆவணங்களைக் கையாள்வதற்கென 2006-இல் அரிசோனாவின் ஃபிளாக்ஸ்டாஃபில் கூடி வரைந்த நெறிமுறைகளை, அமெரிக்க ஆவணக் காப்பாளர் சங்கம் 2018-இல் ஏற்றுக்கொண்டது. குட்வினின் குறிப்பேடுகள் டூசானில் அரிசோனா மாநில அருங்காட்சியகத்திலும், ஆப்லரின் தாள்கள் நியூயார்க் மாநிலத்தில் கார்னெல் பல்கலைக்கழகத்திலும் இருக்கின்றன. ஒரு குடும்பத்தின் பூட்டன் சொன்ன கதையை அந்தக் குடும்பம் படிக்க மாநிலங்களைக் கடந்து போக வேண்டியிருப்பது சரியாக இருக்க முடியாது.

எழுத்தைவிட ஒலிப்பதிவு மேலானதில்லையா?

குரலைக் காப்பதில் ஒலிப்பதிவு மேலானது; தேடிப் படிப்பதற்கும் பாடம் நடத்துவதற்கும் எழுத்தே வசதி. இரண்டும் சேர்ந்திருப்பது நல்லது. எப்படியானாலும், யார் எப்போது கேட்கலாம் என்ற வரம்பை வைக்க வழி இருக்க வேண்டும். முகுர்த்து என்னும் மென்பொருள் அப்படிப்பட்டது. ஆஸ்திரேலியாவின் வருமுங்கு மக்களோடு சேர்ந்து உருவான அது, சமூகத்தின் விதிப்படி ஒவ்வொரு பதிவையும் திறக்கவும் மூடவும் இடம்தருகிறது. பருவக் கட்டுப்பாடுள்ள கதைகளுக்கு இத்தகைய ஏற்பாடு அச்சுப் புத்தகத்தைவிடப் பொருத்தமானது.

எழுதிவைத்தால் மொழி பிழைத்துவிடுமா?

பிழைக்காது. சமவெளி அபாச்சி மொழியைச் சரளமாகப் பேசிய கடைசி மனிதர் 2008-இல் இறந்தார். பதிவுகள் இருந்தும் பேச்சு நின்றது. மேற்கு அபாச்சியை இன்னும் ஆயிரக்கணக்கானோர் பேசுகிறார்கள் என்றாலும், வீட்டில் ஆங்கிலமே கேட்டு வளரும் பிள்ளைகள் பெருகிவருகிறார்கள். பள்ளியில் புத்தகம் வைத்துக் கற்பிப்பது பாட்டனார் பாட்டிமாரின் இடத்தைப் பிடித்துக்கொள்ளுமோ என்ற கவலை ஃபோர்ட் அபாச்சி மக்களிடமே எழுந்தது. நியாயமான கவலை. எழுதப்பட்ட கதை பிள்ளையை முதியவரிடம் அனுப்ப வேண்டும். அவரை நாட வேண்டிய தேவையை நீக்கிவிடக் கூடாது.

முதியவரின் பேச்சை நூலாக்குவதில் நல்ல முன்மாதிரியும் இருக்கிறது. ஈவா டுலீன் வாட் என்ற ஒயிட் மவுண்டன் மூதாட்டி தம் குடும்பத்தின் 1860 முதல் 1975 வரையிலான வாழ்க்கையைச் சொல்ல, பாஸோ துணைநின்று உருவான நூல் 2004-இல் வந்தது. நூலாசிரியர் அந்த மூதாட்டி. அறிஞரின் பெயர் துணைவராக மட்டுமே வருகிறது.

இந்தக் கதைகளைத் தமிழில் மொழிபெயர்க்கலாமா?

கயோட்டிக் கதைகள் போன்று வெளிப்படையாகச் சொல்லப்படுபவற்றை, உரிய அபாச்சி அரசின் பண்பாட்டு அலுவலகத்தைக் கேட்டு, அவர்கள் ஒப்பினால் மொழிபெயர்க்கலாம். காப்புரிமை நீங்கிய நூலாயினும் கேட்க வேண்டும். சடங்கு சார்ந்தவற்றை விட்டுவிட வேண்டும்.

மொழிபெயர்க்கும்போது ஆங்கில உரைநடையைப் பின்பற்றாமல், மூலத்தில் 'நாஅ' வரும் இடமெல்லாம் 'ஆம்' சேர்த்து எழுதிப் பாருங்கள். கயோட்டியை நரியாக்காதீர்கள், ஒரு குறிப்போடு கயோட்டியாகவே இருக்கட்டும். இடப்பெயரை ஒலிபெயர்ப்பதோடு நிறுத்தாமல் அதன் பொருளையும் வாக்கியமாகவே தாருங்கள். சொன்னவர் பெயர் மூலத்தில் இருந்தால் கதையின் தலைப்புக்குக் கீழேயே அதைப் போடுங்கள். தொகுப்பாளர் பெயர் அதன் பின் வரட்டும். மேற்கு அபாச்சிக் கதை என்றால், 'என் யூக்காப் பழங்கள் குவிந்து கிடக்கின்றன' என்ற கடைசி வரியைத் தவறாமல் எழுதுங்கள். மார்கழியில் வெளியிடுங்கள்.